முகத்தை ஒதுக்கி ஊரைத் தேடுதல்: ரோம மாகாண வெண்கலக் காசுகளை அடையாளம் காணும் முறை

ரோமக் காசு என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருபவை கரூரிலும் கோவை வட்டாரத்திலும் புதையலாகக் கிடைத்த வெள்ளித் தினாரியங்கள். அவற்றுள் பெரும்பகுதி அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் இரு பேரரசர்களுடையது. இன்றைய பிரான்சின் லியோன் நகரமாகிய லுக்டூனத்தில் அடிக்கப்பட்ட இரண்டு வகைகளே அந்தப் புதையல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. எழுத்து இலத்தீன், வாசகம் தெளிவு, உருவங்களும் மாறாதவை. நான்கைந்து காசுகளைப் பார்த்துப் பழகியவர் அடுத்ததைத் தடுமாறாமல் இனங்கண்டுவிடுவார். அதே பேரரசின் கிழக்குப் பாதியில் சந்தைகளில் புழங்கிய வெண்கலச் சில்லறைக்கு இந்த வசதி கிடையாது. பால்கன் பகுதியிலும் கிரீஸிலும் சின்ன ஆசியாவிலும் சிரியா, பாலஸ்தீனம், எகிப்து ஆகியவற்றிலும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் தத்தம் பெயரில் காசு அடித்தன. ஏறத்தாழ கி.மு. 44இல் தொடங்கி, எகிப்தின் அலெக்சாந்திரியா பேரரசின் பொதுக் காசுக்கு மாறிய கி.பி. 296–297 வரை இந்த வழக்கம் நீடித்தது.

பொன்னையும் வெள்ளியையும் தன் கையில் வைத்துக்கொண்ட ரோமப் பேரரசு, கிழக்கின் அன்றாடச் சில்லறையை ஊராட்சிகளின் பொறுப்பில் விட்டிருந்தது. ஸ்பெயின், கால் (இன்றைய பிரான்ஸ் பகுதி), சிசிலி போன்ற மேற்குப் பகுதிகளில் இப்படி ஊர்கள் காசடிப்பது கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவிலேயே நின்றுவிட, கிழக்கில் அது மூன்றாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உச்சத்தை எட்டியது. காசின் முன்பக்கத்தில் பேரரசரின் தலை; பின்பக்கத்தில் ஊரின் பெயர், அதன் தெய்வம், கோயில், ஆறு, சில வேளைகளில் அந்த ஆண்டின் அதிகாரி அல்லது மாகாண ஆளுநரின் பெயர். பேரரசருக்கு மரியாதையும் ஊருக்குப் பெருமையும் ஒரே வட்டில் இப்படிப் பங்கிடப்பட்டன. இந்தப் பங்கீட்டை மனத்தில் கொண்டால், தேய்ந்த காசு ஒன்றைக் கையில் எடுக்கும்போது எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

பெரும்பாலானோர் முகத்திலிருந்து தொடங்குகிறார்கள். தாடியைப் பார்த்து ஹேட்ரியன் என்றும், குழந்தை முகத்தைப் பார்த்து மூன்றாம் கார்டியன் என்றும் முதலில் முடிவுகட்டிவிட்டு, பிறகு அந்த முடிவுக்கு ஏற்ப எழுத்துகளைப் படிக்கிறார்கள். என் கணிப்பில், தவறான அடையாளங்களில் பாதிக்கு மேல் இங்கேயே பிறக்கின்றன. மாகாண அச்சுவெட்டிகள் பேரரசரை நேரில் கண்டவர்கள் அல்லர். ரோமிலிருந்து வந்த சிலையையோ காசையோ பார்த்து வெட்டினார்கள். புதிய பேரரசர் பட்டமேறிய செய்தி படத்துக்கு முன்னால் வந்து சேர்ந்த இடங்களில், பழையவரின் முகத்தைச் சுற்றிப் புதியவரின் பெயரை எழுதிய காசுகளும் உண்டு.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. சின்ன ஆசியாவின் காசுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட ஜெர்மானிய அறிஞர் கொன்ராட் கிராஃப்ட், 1972இல் வெளியான தம் ஆய்வில், ஒரே முன்பக்க அச்சு வெவ்வேறு ஊர்களின் பின்பக்க அச்சுகளோடு சேர்த்துப் பயன்படுத்தப்பட்டிருப்பதைப் பெரிய அளவில் எடுத்துக்காட்டினார். ஒவ்வொரு ஊருக்கும் தனி அக்கசாலை, அதாவது காசடிக்கும் கூடம், இருந்தது என்ற பழைய எண்ணம் அதோடு ஆட்டங்கண்டது. பல ஊர்களுக்கு ஒரே பட்டறை அச்சு வெட்டிக் கொடுத்திருக்கிறது. ஆகவே, 'இந்த முகம் இன்ன ஊர்க் காசின் முகம் போலவே இருக்கிறது' என்பது ஊருக்குச் சான்றாகாது. பட்டறைக்கும் காலத்துக்கும் வேண்டுமானால் அது சான்று.

ஊரைச் சொல்வது பின்பக்க வாசகம். அதில் பெரும்பாலும் ஊரின் பெயர் நேராக வராது. அவ்வூர் மக்களின் பெயர் ஆறாம் வேற்றுமைப் பன்மையில் வரும். 'எபேசியோன்' என்றால் எபேசியருடையது, 'நிகையேயோன்' என்றால் நிகேயருடையது. எனவே தேய்ந்த வாசகத்தின் இறுதியில் 'ஓன்' என்னும் ஒலிக்குரிய இரண்டு எழுத்துகள் கண்ணில் பட்டால், அவற்றுக்கு முன்னுள்ள எழுத்துகளில்தான் ஊர் ஒளிந்திருக்கிறது என்று கொள்ளலாம். கிரேக்க எழுத்துகளைப் படிக்கப் பழகுவது அஞ்சும் அளவுக்குக் கடினமானது அன்று. ஆங்கில 'பி' போலத் தோன்றுவது ரகரம். 'எச்' போலத் தோன்றுவது நெடில் ஏகாரம். இக்காலக் காசுகளில் பிறை போல வளைந்து ஆங்கில 'சி'யைப் போலத் தோன்றுவது சகரம். 'டபிள்யூ' போலத் தோன்றுவது நெடில் ஓகாரம். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் தனித்தனி எழுத்து வைத்திருக்கும் முறை தமிழருக்குப் புதிதன்று என்பதால், இதில் நமக்கு ஆங்கிலேயரைவிடச் சிரமம் குறைவு.

மிக எளிதாகக் கிடைக்கும் ஒரு காசை எடுத்துக்கொள்வோம். சுமார் 18 முதல் 20 மி.மீ. விட்டமுள்ள சிறு வெண்கலம். பின்பக்கத்தில் மூன்று படைக்கொடிகள் செங்குத்தாக நிற்கின்றன. சுற்றிலும் வாசகம் இல்லை. பலர் இதை எழுத்தில்லாத காசு என்று ஒதுக்கிவிடுவார்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி ஒளியைச் சாய்வாக விழச் செய்தால், கொடிகளுக்கு இடையிலும் அடியிலும் ஓரிரண்டாகச் சிதறிக் கிடக்கும் எழுத்துகள் எழுந்து வரும். வரிசைப்படுத்திப் படித்தால் 'நிகையேயோன்'. பித்தினியாவின் நிகேயா, இன்றைய துருக்கியின் இஸ்னிக். செவெரஸ் அலெக்சாந்தர், மூன்றாம் கார்டியன் காலங்களில் இவ்வூர் இவ்வகையை ஏராளமாக அடித்தது. தலைக்கு மேலிருந்து நேராக விழும் ஒளியில் இந்த எழுத்துகள் அநேகமாக மறைந்துவிடும்.

ஊர்ப் பெயர் கிடைத்தாலும் வேலை முடிவதில்லை, ஏனெனில் ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்தன. அந்தியோக்கியா என்ற பெயர் சிரியாவிலும், சின்ன ஆசியாவின் பிசிதியாவிலும் மியாந்தர் ஆற்றங்கரையிலும் உண்டு. லவோதிக்கேயா, அப்பாமேயா, பிலதெல்பியா, நிகோபொலிஸ் ஆகியவையும் அப்படியே. குழப்பம் அன்றே இருந்ததால், சில ஊர்கள் ஆற்றின் பெயரைச் சேர்த்து எழுதின: டான்யூபின் பழம்பெயராகிய இஸ்திரோஸைச் சேர்த்தால் கீழ் மோசியாவின் நிகோபொலிஸ், நெஸ்தோஸ் ஆற்றைச் சேர்த்தால் திரேஸின் நிகோபொலிஸ். எழுத்தும் மொழியும்கூட வேறுபடுத்த உதவும். பிசிதிய அந்தியோக்கியா ரோமக் குடியேற்ற நகரம் என்பதால் அதன் காசுகள் இலத்தீனில் பேசும். திரோவாஸின் அலெக்சாந்திரியா, பாரியம், கொரிந்து, பெய்ரூட் ஆகியவையும் அப்படிப்பட்டவையே. கிழக்கு மாகாணத்துக் காசில் இலத்தீன் வாசகம் தென்பட்டால் தேட வேண்டிய ஊர்களின் எண்ணிக்கை ஒரே அடியில் சுருங்கிவிடும்.

ஆளுநரின் பெயர் இருக்கும் காசுகள் அடையாளம் காண்பவருக்குக் கிடைக்கும் பெரும்பேறு. இன்றைய பல்கேரியாவின் வடக்கில், டான்யூபின் தென்புறத்தில் பேரரசர் டிராஜன் நிறுவிய மேற்சொன்ன நிகோபொலிஸ், இரண்டாம் நூற்றாண்டில் திரேஸ் மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில் கீழ் மோசியாவுக்கு மாற்றப்பட்டது. அந்தோனினஸ் பயஸ் காலத்தில் இங்கு ஆளுநர் பெயருக்கு முன் 'ஹேகெ' என்ற, ஆளுநரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் சுருக்கம் வருகிறது; செவெரஸ் காலக் காசுகளில் அதே இடத்தில், கான்சலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் சுருக்கமாக 'ஹுப' என்றோ அதைவிடச் சுருங்கியோ வருகிறது. திரேஸ் ஆளுநரைவிடக் கீழ் மோசிய ஆளுநர் பதவித் தரத்தில் உயர்ந்தவர், அதாவது ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவியாகிய கான்சல் பதவி வகித்தவர் என்பதே மாற்றத்துக்குக் காரணம். பேரரசரின் பெயர் முழுவதும் அழிந்துபோன ஒரு காசிலும், இந்த இரண்டு மூன்று எழுத்துகள் எஞ்சியிருந்தால் அது மாகாண எல்லை மாறியதற்கு முந்தியதா பிந்தியதா என்று சொல்லிவிட முடியும்.

ஆளுநர் பெயர் எவ்வளவு இன்றியமையாதது என்பதை மார்கியனோபொலிஸ் காசுகளில் பார்க்கலாம். டிராஜன் தன் தங்கை மார்கியானாவின் பெயரில் நிறுவிய ஊர் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், மார்கியானா அவருக்கு மூத்தவர். அதுவும் இன்றைய பல்கேரியாவில்தான்; இன்றைய பெயர் தேவ்ன்யா. மூன்றாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இவ்வூர், இரண்டு தலைகள் ஒன்றையொன்று நோக்கும் ஐந்து அசாரியக் காசுகளைப் பெருமளவில் வெளியிட்டது (அசாரியம் என்பது வெண்கலச் சில்லறையின் ஓர் அலகு). விட்டம் 26 முதல் 28 மி.மீ.; பின்பக்க வெளியில் கிரேக்க எண்முறையில் ஐந்தைக் குறிக்கும் எப்சிலான் எழுத்து மதிப்புக் குறியாக நிற்கும். இந்தக் காசுகளில்தான் அந்தோனினோஸ் என்ற பெயர் ஆளை மருட்டுகிறது. மார்க்கஸ் அவுரேலியஸ் அந்தோனினஸ் என்பது, நாம் அந்தப் பெயராலேயே அழைக்கும் தத்துவ அரசருக்கு மட்டுமன்றி, கரகல்லாவுக்கும் எலகபாலஸுக்கும் அரசாங்கப் பெயர். கரகல்லா, எலகபாலஸ் என்பவை பட்டப்பெயர்கள்; எந்தக் காசிலும் அவை அவர்களின் பெயராக எழுதப்படவில்லை.

ஒரு காசில் கரகல்லாவும் அவர் தாய் யூலியா டொம்னாவும் எதிரெதிரே இருக்கிறார்கள். இன்னொன்றில் எலகபாலஸும் அவர் பாட்டி யூலியா மேசாவும். நன்றாக இருக்கும் காசில் கரகல்லாவின் தாடியும் சுளித்த நெற்றியும் காட்டிக்கொடுத்துவிடும். தேய்ந்த காசில் எஞ்சுவது 'அந்தோனி', 'யூலியா' என்ற இரண்டு துண்டுகள் மட்டும் என்றால், அவை இருவருக்கும் பொது. அப்போது பின்பக்கத்துக்குப் போக வேண்டும். கரகல்லாவின் ஆளுநர் குவின்டிலியானஸ்; எலகபாலஸின் ஆளுநர்களுள் யூலியஸ் அந்தோனியஸ் செலூக்கஸ் ஒருவர், செர்கியஸ் தித்தியானஸ் மற்றொருவர். 'கௌ' என்று பெயர் முடிந்தால் செலூக்கஸ், எனவே எலகபாலஸ், இது எளிது. 'இயானௌ' என்று முடிந்தால் குவின்டிலியானஸாகவும் இருக்கலாம், தித்தியானஸாகவும் இருக்கலாம். அதற்கு முன்னுள்ள ஓரெழுத்து, கூரை போன்ற லாம்டாவா, குறுக்குக் கோடிட்ட தௌவா என்பதில் இரு ஆட்சிகளின் வேறுபாடு அடங்கியிருக்கிறது. போதாக்குறைக்கு, இடையில் 14 மாதங்கள் ஆண்ட மக்ரீனஸின் ஆளுநர் பொந்தியானஸும் அதே ஒலியில் முடிகிறார். மக்ரீனஸின் மகன் தியதுமேனியனும் இவ்வூர்க் காசில் அந்தோனினோஸ் என்றே எழுதப்படுகிறான். ஆனால் அங்கே எதிரில் இருப்பது கொண்டையிட்ட பெண் அன்று, குட்டைமுடிச் சிறுவன். எழுத்து கைவிட்ட அந்த இடத்தில் உருவம் கைகொடுக்கிறது. முகத்துக்கு வேலை இருக்கிறது, ஆனால் கடைசியில்.

ஆண்டு குறித்த காசுகள் வேறொரு வகைத் தெளிவைத் தருகின்றன. அலெக்சாந்திரியாவில் ஆங்கில 'எல்' போன்ற குறியை அடுத்து ஆட்சியாண்டு கிரேக்க எண்ணெழுத்தில் வரும். எகிப்தியப் புத்தாண்டு ஆகஸ்ட் 29. பேரரசர் பட்டமேறிய நாளிலிருந்து அடுத்த புத்தாண்டு வரையிலான காலம், அது சில வாரங்களே ஆனாலும், முதலாம் ஆண்டாக எண்ணப்பட்டது. அந்தோனினஸ் பயஸ் 138 ஜூலையில் பட்டமேறினார். ஆகஸ்டிலேயே அவருடைய இரண்டாம் ஆண்டு பிறந்துவிட்டது. ஆகவே, அவருடைய எட்டாம் ஆண்டில் வெளிவந்த புகழ்பெற்ற இராசிச் சக்கர வரிசையின் பெரிய வெண்கலக் காசுகள் 144–145ஐச் சேர்ந்தவை. இந்தக் கணக்கை அறியாமல் வெறுமனே கூட்டினால் ஓராண்டு பிழைக்கும். பிற ஊர்களில் ஊருக்கு ஓர் ஊழி, அதாவது ஆண்டுகளை எண்ணத் தொடங்கும் தனிக் கணக்கு. இன்றைய செர்பியாவிலிருந்த விமினாகியத்தில், காளைக்கும் சிங்கத்துக்கும் நடுவே ஒரு பெண் நிற்கும் காசுகளின் ஆண்டெண்ணிக்கை கி.பி. 239இல் தொடங்குகிறது, அந்த விலங்குகள் ஏழாம் கிளாடிய, நான்காம் ஃபிளாவியப் படைப்பிரிவுகளின் சின்னங்கள். சின்ன ஆசியாவின் வடக்கிலுள்ள பொந்துவின் அமாசியாவில் 208 என்று ஆண்டிட்ட காசு ஒன்று கிடைத்தால், அது கி.பி. 208 அன்று, அவ்வூர் ஊழி கி.மு. 3–2 அளவில் தொடங்குவதால் அது 206ஐ ஒட்டிய காசு. அப்போது ஆண்டவர் செவெரஸ். காசிலுள்ள முகத்தோடு இந்தக் கணக்கு பொருந்தவில்லை என்றால், ஆண்டையோ ஊரையோ தவறாகப் படித்திருக்கிறோம்.

பேரரசரின் தலையே இல்லாத காசுகள் சின்ன ஆசியாவில் மிகுதி. தலைக்கு மாறாக 'புனித செனட்', 'மக்கள்', 'நகர மன்றம்' என்று பெயரிட்ட உருவங்கள் இருக்கும். இவற்றின் காலத்தை அறிய, பின்பக்கத்தில் 'எபி' என்ற சொல்லை அடுத்து வரும் ஊர் அதிகாரியின் பெயரைக் குறித்துக்கொண்டு, அதே பெயர் பேரரசர் தலையுள்ள வேறொரு காசில் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

தெய்வ உருவங்களை வைத்து ஊரைச் சொல்லத் துணிவது ஆபத்து. மதில்முடி சூடிய நகரத் தெய்வம் தீகே நூற்றுக்கணக்கான ஊர்களில் இருக்கிறாள். பாறைமேல் அமர்ந்து காலடியில் ஆற்றுத் தேவன் நீந்த இருக்கும் அந்தியோக்கியாவின் தீகேயைக்கூடப் பல ஊர்கள் படியெடுத்துக்கொண்டன. எபேசுவின் ஆர்ட்டெமிஸ் எபேசுவுக்கு வெளியேயும் தோன்றுகிறாள். அரிதாகச் சில உருவங்கள் மட்டுமே ஊரைக் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லும். கப்பதோக்கியாவின் செசரியா காசுகளில் வரும் ஆர்கேயஸ் மலை அவற்றுள் ஒன்று.

எழுத்தும் உருவமும் கைவிட்ட பின்னும் காசின் உடல் பேசும். எடை, விட்டம், தடிப்பு, இரு அச்சுகளும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது, விளிம்பு செங்குத்தா சரிவா என்பது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். திரேஸ், மோசியப் பகுதிக் காசுகள் பலவற்றில் இரு பக்கங்களின் நடுவிலும் ஊசிமுனை அளவில் ஒரு குழி இருக்கும். அடிப்பதற்குமுன் வட்டைச் சீர்செய்தபோது ஏற்பட்ட தடம் அது, சேதம் அன்று. பிற்காலத்தில் காசின்மேல் குத்தப்பட்ட சிறு முத்திரைகளும் மதிப்புள்ளவை. பத்தாம் ஃபிரெடென்சிஸ் படைப்பிரிவு தன் பெயர்ச் சுருக்கத்தையும் காட்டுப்பன்றியையும் கப்பலையும் குத்திய காசுகள், அவை எங்கு அடிக்கப்பட்டிருந்தாலும் யூதேயாப் பகுதியில் புழங்கின என்பதைக் காட்டுகின்றன. சின்ன ஆசியாவில், காரியாவின் ஸ்திரதோனிகேயாவில் இன்னும் விசித்திரம்: பெரிய வெண்கலக் காசில் கரகல்லாவுக்கு எதிரே ஒரு வெற்றிடம், உளியால் செதுக்கி மழிக்கப்பட்டது. 211 டிசம்பரில் கொல்லப்பட்ட தம்பி கெதாவின் முகம் அங்கே இருந்தது. அவன் நினைவை அழிக்க ஆணை பிறந்த பின் காசிலும் அழித்தார்கள். அந்த வெற்றிடமே காசு கெதாவின் கொலைக்கு முந்தியது என்பதற்குச் சான்று.

கிடைத்த இடமும் ஒரு சான்றுதான். ஊர் வெண்கலம் தன் சந்தையை விட்டு அதிகம் விலகுவதில்லை என்பதால், அகழாய்வில் கிடைத்த தேய்ந்த காசை அருகிலுள்ள ஊர்களோடு முதலில் பொருத்திப் பார்ப்பது முறை. விற்பனையில் கைமாறும் காசுகளில் இந்தச் சான்று அடியோடு தொலைந்துபோகிறது. ஆயினும் விதிவிலக்குகள் உண்டு: யூப்ரட்டீஸ் கரையிலுள்ள தூரா யூரோப்போஸில், நெடுந்தொலைவிலிருக்கும் பொந்துவின் அமாசியா, நியோசெசரியா ஊர்களின் காசுகள் கணிசமாகக் கிடைத்தன. படைகள் நடந்தால் சில்லறையும் கூட நடக்கும்.

கிடைத்த இடம் அறிஞர்களையே திசைதிருப்பிய கதை டிராஜனின் காசுகளுடையது. இலைமாலை வட்டத்துக்குள் 'எஸ் சி' என்ற இரு இலத்தீன் எழுத்துகள் பொறிப்பது சிரிய அந்தியோக்கியாவின் நெடுநாள் வழக்கம். பார்த்தியரை வென்றவர் என்ற பட்டத்தோடு டிராஜனுக்கு 116இல் அடிக்கப்பட்ட சில காசுகளிலும் அதே மாலை, அதே எழுத்துகள். அவை சிரியாவில் கிடைக்கவும் செய்தன. எனவே அந்தியோக்கியாக் காசுகள் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டன. ஆனால் வாசகம் முழுவதும் இலத்தீன். அச்சுவெட்டின் கைத்திறன் ரோமின் தலைமை அக்கசாலையுடையது. உலோகம் அந்தியோக்கியாவின் ஈயம் கலந்த வெண்கலம் அன்று, துத்தநாகம் கலந்த பித்தளை. கைத்திறனும் உலோகப் பகுப்பாய்வும் ஒன்றுசேர, இவை ரோமில் அடித்துப் போர்க்காலத்தில் சிரியாவுக்கு அனுப்பப்பட்டவை என்பது இன்று ஏற்கப்பட்ட முடிவு.

மாகாணக் காசுகள் அனைத்தையும் ஆட்சிவாரியாகத் தொகுக்கும் பெருந்திட்டத்தின் முதல் தொகுதி, கி.மு. 44 முதல் கி.பி. 69 வரையிலான காலத்துக்கு, 1992இல் வெளிவந்தது; இன்று அத்திட்டத்தின் தரவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெயரின் நான்கு எழுத்துகளை இட்டே தேடலாம். தேடியும் கிடைக்காதபோது 'பட்டியலில் இல்லாத அரிய காசு' என்று மகிழ்ந்துவிடுவது ஆர்வலர்களின் இயல்பு. அப்படிச் சொல்லப்படும் காசுகளில் மிகப் பலவற்றில் நடந்திருப்பது வேறு: ஓரெழுத்தைத் தவறாகப் படித்திருப்பார்கள், அல்லது தேய்ந்த காசைத் துலக்குகிறேன் என்று யாரோ ஒருவர் பச்சைக்களிம்புக்குள் ஊசியால் எழுத்துகளைப் புதிதாகச் செதுக்கியிருப்பார். அத்தகைய எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கும். சுற்றியுள்ள பரப்போ தாழ்த்தப்பட்டு வழுவழுப்பாகியிருக்கும். உலோகத்தோடு சேர்ந்து வளர்ந்த களிம்பு எழுத்தின் அடியில் அறுபட்டிருக்கும். உருப்பெருக்கியில் இது தெரிந்துவிட்டால், அந்த எழுத்துகளைச் சான்றிலிருந்து நீக்கிவிட்டு எஞ்சியவற்றை மட்டும் படிக்க வேண்டும்.

அடையாளக் குறிப்பு எழுதும்போது படித்ததையும் ஊகித்ததையும் பிரித்தே எழுத வேண்டும். மேற்சொன்ன தேய்ந்த மார்கியனோபொலிஸ் காசுக்கு, ஆளுநர் பெயரின் நடுவெழுத்து கடைசிவரை பிடிபடவில்லை என்றால், குறிப்பு இப்படி அமையலாம்: 'மார்கியனோபொலிஸ், கீழ் மோசியா, ஐந்து அசாரியம், எதிரெதிர்த் தலைகள், வலப்பக்கம் பெண், முன்பக்கத்தில் அந்தோனி, யூலியா என்னும் துண்டுகள் படிக்கப்பட்டன, ஆளுநர் பெயர் இயானௌ என முடிகிறது, கரகல்லாவும் டொம்னாவும், அல்லது எலகபாலஸும் மேசாவும்.' இவ்வளவு எழுதியிருந்தால், அதே அச்சில் அடித்த தெளிவான காசு ஒன்று என்றாவது கிடைக்கும்போது, வேறொருவர் அந்தக் குறிப்பைக் கொண்டே 'அல்லது' என்ற சொல்லை அடித்துவிட முடியும்.